கீழே வாசிக்கிறவர்

வியாசர்பாடியிலிருந்து வந்த மேசாக்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேசட்டை நீட்டினார்.
"பாட்டு வேணாங்க்கா.
அடியில ஒருத்தர் பேஸ் வாசிக்கிறாரு.
அவரு மட்டும் வேணும்."

உறையில் பாடியவர் பெயர் இருந்தது,
எழுதியவர், இசையமைத்தவர்,
கேசட் விற்ற கடையின் ஆறு இலக்கத் தொலைபேசி எண்.
அடியில் இருப்பவர் பெயர் இல்லை.

முன்பணம் இருநூறு.

இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்தேன்.
காதை முழுதாய் மூடும் ஹெட்ஃபோன்,
அதன் இடது மெத்தை உரிந்து
கன்னத்தில் கரித்தூளாய் ஒட்டும்.
காலால் மிதித்தால் நான்கு நொடி பின்னே போகும் பெடல்;
ரிச்சி தெருவில் விற்றவர்
தையல் மிஷினுக்கும் ஆகும் என்றார்.
ஒரே ஒரு கட்டை ஊமையான கீபோர்டு.
பென்சில்.
பேனா கூடாது,
முதல் தடவை கேட்பதில் பாதி
காது தானாகச் சேர்த்துக்கொள்வது.

டேப் கொஞ்சம் வேகமாய் ஓடியிருக்கிறது.
பாட்டு இரண்டு கட்டைகளுக்கு நடுவே
கால் வைக்க இடமில்லாமல் நின்றது.
கால் சுருதி இறக்கி உட்காரவைத்தேன்.

பிறகு பாதி வேகம்.
பாடகி தூக்கத்தில் நடந்தாள்.
தபலாவின் ஒவ்வொரு அடியும்
யாரோ ஈரப் போர்வையை உதறுவதாய்க் கேட்டது.
அந்தப் போர்வைக்கு அடியில்தான்
அவர் இருக்கிறார்.

ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பார்த்தேன்,
வழக்கமாய் உதவும் தந்திரம்.
பேஸ் கிதார் மாண்டலினாகிச் சிணுங்கியது,
கூடவே எல்லா வயலினும்
கொசுவாகின.

கோடம்பாக்கத்தில் வேறு
பூமிக்கடியில் மெட்ரோ குடைகிறார்கள்.
தரை வழியே நாற்காலிக்கு ஏறிவரும் அந்த முனகலை
அவர் என்று நினைத்து
மூன்று வரி எழுதி
மூன்று வரி அழித்தேன்.

ஒரு மணி.
ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
பால் சுடவைக்கப் போனேன்.
பாட்டை நிறுத்த மறந்திருக்கிறேன்.
அறையில் ஸ்பீக்கர் தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி
அதே பல்லவியை.

அடுப்படியில் பாடகி வரவில்லை.
வயலின்கள் வரவில்லை.
தபலா வாசற்படியோடு நின்றுவிட்டது.
சுவரைத் தாண்டி
அவர் மட்டும் வந்தார்.

ஸ… ஸ ப.
கொஞ்சம் பொறுத்து, த ப ம.
அவசரமே இல்லாத ஆள்.
பாடகி மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும்
ஒரு சுரம் கூடுதலாய் வைத்து
அவளைக் கையைப் பிடித்து அடுத்த வரியில் இறக்கிவிடுகிறார்.
கேஸ் ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு
கூடவே தொண்டைக்குள் பாடிப் பாடிச் சரிபார்த்தேன்.
பால் பொங்கியது என்னவோ பொங்கியதுதான்.

இரண்டாம் சரணம், மூன்றாவது வரி:
ம வர வேண்டிய இடத்தில்
ஒரு படி கீழே விழுந்தார்.
விழுந்தவர் உடனே எழுந்து
யாரும் பார்க்கவில்லையே என்று
வேட்டியைத் தட்டிக்கொள்வதுபோல்
மேலே வழுக்கி வந்தார்.
பார்த்தேன்.
எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மேசாக் போன்.
"அக்கா, ரெண்டாவது சரணத்துல ஒண்ணு தப்பாயிருக்கு."
"தப்பு என்னுது இல்ல. அவரோடது."
அந்தப் பக்கம் ஒரு மின்சார ரயில்
முழுதாய்ப் போய் முடிந்தது.
பிறகு, சின்ன ஆம்ப்பில், வாசித்துக் காட்டினார்:
விழுந்து,
எழுந்து.
"கை தானா அங்கதான்க்கா போவுது" என்றார்.
"இருக்கட்டும்."

மீதி நூற்றைம்பது
ஜிபேயில் வந்தது.

என்னென்ன கருவி வாங்கலாம் என்று
கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கேட்கும்போது
ஹெட்ஃபோன் சொல்கிறேன், பெடல் சொல்கிறேன்.
சுவரைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.
நாலரை அங்குலச் செங்கல்,
குழாய்ப் பக்கம் சுண்ணாம்பு உதிர்கிறது.
வாடகையோடு சேர்த்துத்தான்.